அசைக்கக் கூடாத முகம்

முகத்தை அசைக்காதீங்க மேடம் என்கிறாள் பெலிசியா, நான் அசைக்கவில்லை, அசைவது உள்ளே வேறு ஏதோ, அது ஏறி வந்து தாடையில் நிற்கிறது, பல்லோடு பல் அழுந்துகிறது, அவள் விரல்நுனி அதைக் கண்டுபிடித்துவிட்டது, தாடைய லூஸா விடுங்க மேடம், இல்லன்னா பவுண்டேஷன் கோடு விழுந்துடும். விழட்டும். கோடு விழாத முகம் வேண்டுமென்றால் துணிக்கடை வாசலில் பொம்மை நிற்கிறது, அதற்குப் போய்ப் பூசு. ஆனால் சொல்லவில்லை, உதட்டையும் அசைக்கக் கூடாதாம், கண்ணையும் திறக்கக் கூடாது, இமை மேல் வரைந்த மை காய்கிற வரைக்கும் இப்படியே இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், கழுத்தில் பிளாஸ்டிக் துணி, தலைக்கு மேல் ஏசி காற்று, அதில் கருகிய முடி வாசனையும் ஏதோ ரோஜாத் தண்ணீர் வாசனையும். இப்போதுதான் என் பொட்டை எடுத்தாள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, வலிக்காமல் உரித்து, பசை இருந்த இடத்தை ஈரப் பஞ்சால் துடைத்து. பஞ்சு எவ்வளவு ஜில்லென்று இருந்தது. எவ்வளவு மரியாதையாகத் துடைத்தாள். அந்த மரியாதைதான் தாங்கவில்லை, கால்மணி நேரத்துக்கு முன்னால் இதே பெண் என் முகவாயை இரண்டு விரலால் பிடித்து ஆட்டுக்குட்டியைத் திருப்புகிற மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினாள், அப்போது மரியாதை இல்லை, அப்போது நான் ஒரு முகம், இப்போது நான் பாவம். எங்கே போட்டாள் அந்தப் பொட்டை. குப்பைக்கூடையில்தான் போட்டிருப்பாள். கூடையின் மூடி சத்தம் கேட்ட மாதிரி இல்லை.

முகத்தில் நாலு டைப் இருக்கு மேடம் என்றாள் வந்தவுடன், சென்னையில் போய்க் கற்றுக்கொண்டு வந்தாளாம், சுவரில் அட்டை மாட்டியிருக்கிறாள், சாஃப்ட், ஷார்ப், கியூட், கிளாசிக், ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன கலர், எந்த மாதிரி வகிடு, கம்மல் தொங்க வேண்டுமா ஒட்டியிருக்க வேண்டுமா, எல்லாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டு மொழியில் படித்தவளுக்கு அட்டையைப் பார்த்தால் சிரிப்பு வரும், பரீட்சைக்குப் படித்த பட்டியல்கள் ஞாபகம் வரும், கன்னியாஸ்திரீகள் நடத்திய அந்தப் பள்ளியில் மேசைக்கு ஒரு பால், நாற்காலிக்கு ஒரு பால் என்று பிரெஞ்சை உருப்போட்டோமே, முகம் ஆண்பால் என்று சிஸ்டர் சொன்னதும் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, வசுமதி முகத்துக்குத்தான் சிஸ்டர் அது, என்றாள், வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது. கத்தி மொகம். ஆம்பள மொகம். சித்தி ஒருத்தி சொல்வாள், இந்தப் பொண்ணு முகவாய்ல கோதுமை அரைக்கலாம். ஆனால் பெலிசியா சிரிக்கவில்லை. என் தோளில் கலர் கலராகத் துணியைப் போட்டுப் போட்டு எடுத்தாள், வெளிர் ரோஜாவைப் போட்டு, பாருங்க, முகம் காணாமப் போயிடுச்சு, என்றாள், சந்தனத்தைப் போட்டு, காய்ச்சல்காரங்க மாதிரி இருக்கு, என்றாள், அரக்கைப் போட்டதும் எடுக்காமல் அப்படியே விட்டாள். "மேடம், நீங்க ஷார்ப் டைப். நேர்க்கோடு முகம். இதை மறைக்கவே கூடாது, மறைச்சா ஒளிச்சு வச்ச மாதிரி தெரியும். நடு வகிடு, முடிய இழுத்துக் கட்டி கொண்டை, அடர்த்தியான கலர், பொட்டு பெருசா. உங்களுக்குச் சின்னப் பொட்டு வச்சது யாரு?" யார் வைத்தது. நான்தான் வைத்தேன். ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து கடுகளவு கறுப்புப் பொட்டு, இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறவர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று. அதை எடுத்துவிட்டு அரக்குப் பொட்டு ஒன்று ஒட்டினாள், கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள், கண்ணாடியில் பார்த்தேன், யாரோ ரொம்ப நாள் கழித்து ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று தோன்றியது, வாங்க என்று சொல்லியிருப்பேன், பக்கத்துத் திரைக்குப் பின்னால் தாரிணி இல்லாவிட்டால். என் மகள். கல்யாணப் பெண். அவளுக்கு உதடு வரைந்துகொண்டிருக்கிறாள் இன்னொரு பெண். அம்மா என்ன சத்தத்தையே காணோம், என்றாள் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நான், ஷார்ப் டைப்பாம்டி, என்றேன், அவள், அது தெரியாமத்தான் இத்தனை வருஷம் உன்கூடக் குப்பை கொட்டினேனா, என்றாள். சந்தோஷமாக இருந்தது. ஒரு பார்லர் நாற்காலியில், அதுவும் எனக்கு.

அப்புறம் மங்கை அண்ணி வந்தார். ரகுவின் அக்கா. என் கணவர் ரகுபதியின் ஒரே அக்கா, அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவர், இந்தக் கல்யாணத்தைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கும் பார்லருக்கும் ஆட்டோவில் அலைகிறவர், நன்றி இல்லாமல் பேசக் கூடாது, பேசுவேன். கதவைத் திறந்தார், கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பாப்பா ஒரு நிமிஷம் வெளிய வா, என்று பெலிசியாவைக் கூப்பிட்டார். மங்கை அண்ணியின் ரகசியம் முத்தியால்பேட்டையில் பேசினால் கடற்கரையில் கேட்கும். "அவங்க வீட்டுக்காரர் தவறிட்டாரும்மா. யாரும் சொல்லலையா உனக்கு?" "ஐயோ, தெரியாதுங்கம்மா, வெளிநாட்டுக்காரங்க தாலி போட மாட்டாங்கன்னு நெனச்சுட்டேன்." "தெரியாதுன்னா கேக்கணும். சிம்பிளா பண்ணி விடு. பொட்டெல்லாம் வேணாம். பையில சந்தனக் கலர் பட்டு இருக்குது பாரு, அதான்." காய்ச்சல்காரங்க மாதிரி இருக்கு என்று சொன்னாளே அந்தக் கலர். பெலிசியா உள்ளே வந்தாள், கண்ண மூடிக்குங்க மேடம், லைனர் போடறேன், என்றாள், மூடினேன், இமையில் கோடு இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, யோசிச்சுப் பாத்தேன் மேடம், உங்க முகத்துக்கு சாஃப்ட் லுக்கும் நல்லாத்தான் இருக்கும், என்றாள். யோசித்துப் பார்த்தாளாம். வாசல் கதவுக்கு வெளியே போய் வருவதற்குள் என் முகவாய் எலும்பு உருகிவிட்டதா. அட்டையில் நாலு டைப் போட்டிருக்கிறாயே, ஐந்தாவதையும் போட்டுவிடு, புருஷன் செத்தவள் டைப், அதற்கு ஒரே கலர், ஒரே வகிடு, கம்மல் ஒட்டியிருக்க வேண்டும், ஆளும் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், அதற்குத் துணி போட்டுப் பார்க்கவே வேண்டாம், முகத்தைப் பார்க்கவே வேண்டாம், பக்கத்தில் ஆள் இருக்கிறானா என்று பார்த்தால் போதும். மேடம், நெத்திய சுருக்காதீங்க.

சுருக்கவில்லை. எனக்குப் பெலிசியாமேல் கோபம் இல்லை, இருக்கிறது, அவள் என்ன செய்வாள், அவளுக்குப் பிழைப்பு, கல்யாண ஆர்டர், நாளை மங்கை அண்ணி நாலு பேரிடம் சொன்னால் கடையில் ஈ ஓட்ட வேண்டும். மங்கை அண்ணிமேல்தான். ஆனால் அங்கேயும் போய் ஒழுங்காக நிற்க மாட்டேன் என்கிறது, வழியில் அந்தச் சொம்பு இடறுகிறது. பிரான்ஸில், லியோனில் எரித்து, ரகுவின் சாம்பலை நான் கொண்டுவந்தபோது, விமான நிலையத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் அந்தச் சொம்பை மடியை விட்டு இறக்கவில்லை அவர், வண்டி குலுங்கும்போதெல்லாம் மூடிமேல் கையை வைத்தார், குழந்தை தலையில் வைக்கிற மாதிரி, பசிக்குதா என்று என்னிடம் கேட்டார், சொம்பிடமும் கேட்டிருப்பார் நான் இல்லாவிட்டால். அந்தக் கையைப் பார்த்தேன். பார்த்ததனாலேயே எத்தனை விஷயத்துக்கு வாயை மூடிக்கொண்டேன், நாளைக் காலையில் முகூர்த்தத்தில் தாரை வார்த்துக் கொடுப்பது அவரும் அவர் வீட்டுக்காரரும், ஜோடியா இருக்கறவங்கதான் செய்யணும் வசு, அது முறை, என்றார், சரி என்றேன், நான் பெற்ற பெண்ணை இன்னொருத்தர் கை நீர் ஊற்றிக் கொடுக்கிறது, சரி என்றேன். நலங்கு வைக்கும்போது பின்னால் நின்றுகொள் என்றார், நின்றுகொண்டேன். இன்றைக்கு ரிசப்ஷன், இதில் மந்திரமும் இல்லை அய்யரும் இல்லை, லைட்டும் பிளாஸ்டிக் பூவும் கரோக்கிப் பாட்டும்தான், இதற்குமா முறை, கேட்டால், மேடையில நில்லு, யாரு வேணாம்னா, ஓரமா நில்லு, அவர் சொன்னது அதுதான், ஓரமா. ஓரத்துக்கு ஒரு கலர் உண்டு, அது சந்தனம், பின்னால் தொங்குகிற திரைச்சீலையும் சந்தனம்தான், மண்டபத்தில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், அந்தப் புடவையில் நின்றால் ஆல்பத்தில் ஒரு தலை மட்டும் திரையிலிருந்து எட்டிப் பார்க்கும், பின்னால் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள், இது யாரு.

ரகு சொன்னானே. முதல் தடவை என்னைப் பார்க்க வந்தபோது வெளிர் ரோஜா கட்டிவிட்டார்கள் சித்திகள், முகவாய் தெரியாமல் இருக்க இரண்டு பக்கமும் முடியைச் சுருட்டித் தொங்கவிட்டார்கள், பவுடர் என்றால் பவுடர், கழுத்துக்கும் முகத்துக்கும் நடுவில் எல்லைக்கோடு போட்ட மாதிரி. கல்யாணமாகி அடுத்த மாதம் சொன்னான், அன்னைக்கு உன்னைப் பாத்தப்போ யாரோ உன்ன ஈரத் துணியால தொடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு வசு, அப்புறம் நீ காபித் தம்ளர எடுக்கக் குனிஞ்சியா, முடி விலகிச்சு, அப்பதான் ஆளு தெரிஞ்சுது. ஈரத் துணியால். இன்றைக்கு ஈரப் பஞ்சால். அரக்குப் புடவை அவன் எடுத்தது, ஒரு விடுமுறைக்கு வந்தபோது காஞ்சிபுரத்தில், கடைக்காரர் பச்சையை விரித்தால் வேண்டாம் என்றான், நீலத்தை விரித்தால் வேண்டாம், எங்கிருந்தோ அடுக்கின் அடியிலிருந்து அதைத் தானே இழுத்தான், மேலே இருந்த புடவையெல்லாம் சரிந்தது, திட்டு வாங்கினான். அந்தச் சாம்பல் நிற ஊரில் எங்கே கட்டுவது அதை, பெட்டியில்தான் இருந்தது, இன்று பையில் இருக்கிறது, அண்ணி வாங்கிக் கொடுத்த சந்தனத்துக்கு அடியில், இரண்டையும் எடுத்து வந்தேன், ஏன் இரண்டையும் எடுத்து வந்தேன், தைரியம் இருக்கிறவள் ஒன்றை எடுத்து வருவாள். அங்கே, லியோனில், அவன் போனதும் நான் பொட்டோடுதான் சுடுகாட்டுக்குப் போனேன், எடுக்கத் தோன்றவில்லை, எடுக்க வேண்டும் என்று சொல்ல அங்கே ஆளில்லை. அண்ணி போன் செய்தார், அழுதார், அழுது முடித்துவிட்டு, வசு, நெத்தி, என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேலைக்குத் திரும்பிப் போன அன்றைக்கு வெறும் நெற்றியோடு போனேன், நூலகத்தில் என்கூட வேலை பார்த்த மரியான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு மெதுவாக, இன்றைக்கு எதையோ மறந்துவிட்டாய், என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவர்களுக்குத்தான் என் முகம் தெரிகிறது. மரியானுக்கு, பெலிசியாவுக்கு, அதுவும் அந்தக் கதவு திறக்கிற வரைக்கும்.

திரைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கேட்டிருப்பாள். அண்ணி பேசியது தெருவுக்கே கேட்டது, நாலடி தள்ளி இருக்கிறவளுக்குக் கேட்காதா. ஷார்ப் டைப்புக்குக் கிண்டல் பண்ணத் தெரிந்தவளுக்கு இப்போது நாக்கு எங்கே போயிற்று. அத்தை விடுங்க, என்று ஒரு வார்த்தை. அம்மா நீ வச்சுக்கோ, என்று ஒரு வார்த்தை. லியோனில் பிறந்து வளர்ந்தவள், பள்ளிக்கூடத்தில் எதிலும் கையைத் தூக்கி ஆட்சேபம் சொன்னவள், கடலூர்ப் பையனைக் காதலித்து, இங்கேதான் கல்யாணம், எல்லா முறையும் வேணும், மருதாணி வேணும், மாலை மாத்தறது வேணும், என்று குதித்தாள், எல்லா முறையும் என்றால் இதுவும் அதில் சேர்த்திதானே. ஒருவேளை அவளுக்கும் அதுதான் நிம்மதியோ. சம்பந்தியம்மா நல்ல மாதிரி, ஒன்றும் சொன்னதில்லை, ஆனால் ஒன்றும் சொல்லாதவர்கள்தான் பிறகு சமையல்கட்டில் நின்று சொல்வார்கள், உங்கம்மா அன்னைக்கு என்ன அப்படி வந்திருந்தாங்க, அதை நான் கேட்கப் போவதில்லை, அவள் கேட்பாள், இன்னும் எத்தனையோ வருஷம் கேட்பாள், என் நெற்றிக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். இதுதான் பயம். அண்ணி இல்லை, ஊர் இல்லை, மேடையில் நான் அரக்கோடு ஏறி அவள் பக்கத்தில் போய் நிற்கும்போது அவள் தோள் ஒரு விரற்கடை விலகுமோ. போட்டோவில் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த ஒரு விரற்கடைக்காக சந்தனத்தைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றுவிடலாம், கட்டு வசுமதி, கட்டிவிடு, பெற்றவள்தானே, ஒரு சாயங்காலம், என்ன குறைந்துவிடும், இப்படித்தான் ஒவ்வொரு தடவையும், ஒரு சாயங்காலம் ஒரு சாயங்காலமாகத்தான் என்னைத் துடைத்து எடுத்திருக்கிறார்கள், கத்தி என்று சொல்லிச் சொல்லி உறையில் போட்டுவிட்டார்கள், நானும் உறைக்குள் உட்கார்ந்து அளவு சரியா இருக்கா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்பத் திறக்கலாம் மேடம், மெதுவா. திறந்தேன். வெளிச்சம் குத்தியது, கண்ணாடியைச் சுற்றி வட்ட வட்டமாகப் பல்பு, நடுவில் ஒரு பெண், உதடு வெளிறி, கன்னம் வெளிறி, முகவாயின் இரண்டு பக்கமும் நிழல் பூசி அதைக் கரைத்திருந்தாள், திறமைசாலி, உண்மையிலேயே கரைந்துதான் போயிருந்தது, ரோஜாப் புடவை கட்டி உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு வயசானால் இப்படித்தான் இருப்பாள். அப்போதுதான் பார்த்தேன். கண்ணாடியின் மேல், பக்கவாட்டில் கூட இல்லை, நடுவிலேயே, என் உச்சந்தலைக்குக் கொஞ்சம் மேலே, அரக்குப் பொட்டு. பெலிசியா குப்பையில் போடவில்லை. எடுத்த கை தானாகக் கண்ணாடிக்குப் போயிருக்கிறது. எந்த வீட்டுக் குளியலறையில்தான் இல்லை, கண்ணாடி முழுக்கப் பொட்டு ஒட்டி வைக்காத பெண் உண்டா, எடுத்தால் அடுத்த இடம் கண்ணாடிதான், நாளைக்கு வேண்டும் என்று. இவளும் அப்படித்தான், என் முகத்தை மாற்றச் சொல்லிவிட்டார்கள், அவள் கை தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நாற்காலிக்கு அடியில் காலால் மிதிக்கிற கட்டை இருந்தது, மிதித்தேன். நாற்காலி உஸ்ஸென்று ஏறியது. ஐயோ மேடம் என்ன பண்றீங்க. இன்னொரு மிதி. கண்ணாடிக்குள் இருந்தவள் ஏறினாள், உச்சந்தலை பொட்டைத் தொட்டது, வகிடு, முடி துவங்குகிற இடம், இன்னும் ஒரு மிதி, நெற்றி. நின்றது. புருவங்களுக்கு நடுவில், கண்ணாடிமேல் இருந்த பொட்டு அவள்மேல் உட்கார்ந்தது, பூசிக் கரைத்த அத்தனையையும் மீறி முகவாய் எழுந்து வந்தது. இத்தனை நேரம் அசைக்காமல் வைத்திருந்த முகத்தை அசைத்தேன். முழுசாக. நெற்றியைச் சுருக்கினேன், பல்லைக் கடித்தேன், பவுண்டேஷன் வாயோரத்தில் விரிந்தது. "பெலிசியா, இந்த நிழல எடு." "மேடம், அவங்க திட்டுவாங்க." "அவங்க என்னத் திட்டட்டும். நீ தொடைச்சு எடு. எந்தப் பஞ்சால என் நெத்திய தொடைச்சியோ அதே பஞ்சு." அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என் முகவாயை இரண்டு விரலால் பிடித்து, பழையபடி, மரியாதை இல்லாமல், வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

பொட்டை அவளை எடுக்கவிடவில்லை. நானே எட்டி, கண்ணாடியிலிருந்து உரித்து, நெற்றியில் வைத்தேன். கோபத்தில் கண்ணாடியைப் பார்த்து வைக்கவில்லை. அரக்குப் புடவையைப் பையின் அடியிலிருந்து இழுத்தேன், மேலே இருந்த சந்தனம் சரிந்து தரையில் விழுந்தது, பெலிசியா குனிந்து எடுத்தாள். கொசுவத்தை அவள் பிடித்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. அண்ணி. மல்லிகைப் பந்து கையில், வியர்வை வழிகிற முகம், பெரிய குங்குமம், ரகுவின் அதே முகவாய், இத்தனை வருஷத்தில் எப்படிப் பார்க்காமல் இருந்தேன். அவர் என் புடவையைப் பார்த்தார். "இது ரகு எடுத்தது" என்றார். கேள்வியா இல்லையா என்று தெரியவில்லை. "ஆமா." "என் தம்பி போயி இன்னும்…" என்று துவங்கினார். "எனக்கும்தான் போனான் அண்ணி. ரெண்டு பேருக்கும்தான் போனான். நீங்க குங்குமத்தோட அழலாம்னா நானும் அழலாம்." குரல் உயர்ந்துவிட்டது, உயரட்டும், தெருவுக்குக் கேட்கட்டும், நாலடி தள்ளியும் கேட்கட்டும். "நான் ஓரமா நிக்க மாட்டேன். அவ பக்கத்துல நிப்பேன். இந்த மூஞ்சியோட நிப்பேன்." அவர் மல்லிகைப் பந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன், அழுவார் என்று நினைத்தேன், இரண்டுக்கும் தயாராகத் தாடையை வைத்திருந்தேன். ரொம்ப நேரம் என் நெற்றியையே பார்த்துவிட்டு, கல்யாண வேலையில் இலை கோணலாகப் போட்டவனைச் சொல்கிற அதே கடுகடுப்போடு, "கோணலா வச்சிருக்க" என்றார்.

"கோணலாவே இருக்கட்டும்" என்றேன்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது, மூடிய உதட்டுக்குள்ளிருந்து மூக்கு வழியாக வெடித்த மாதிரி, அப்புறம் அடக்க முடியாமல் முழுசாக, என் மகளின் சிரிப்பு, கூடவே அவளுக்கு உதடு வரைகிற பெண்ணின் அலறல், "ஐயோ அக்கா, அசையாதீங்கன்னு இவ்ளோ நேரமா சொல்லிட்டிருக்கேன், எல்லாம் போச்சு, மொதல்லருந்து போடணும்!"